ராஜ்புத்: கைமாறிய போர்க்கப்பலின் கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மூழ்கிய பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியோடு சேர்த்துப் பேசப்படும் இந்தியப் போர்க்கப்பல் ராஜ்புத் வேறு, 2021 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஓய்வுபெற்ற ராஜ்புத் வேறு. பின்னது இந்தியாவுக்காகவே சோவியத் யூனியனில் புதிதாகக் கட்டப்பட்டு 1980இல் பணியில் சேர்ந்தது. முன்னது பிரிட்டனிடம் வாங்கிய பழைய நாசகாரிக் கப்பல், அதன் எண் டி141. 1976இல் அதை உடைத்துவிட்டார்கள். ஆனால் காஸி கதையைச் சொல்லிவிட்டு ஏவுகணைக் கப்பலான பிந்தைய ராஜ்புத்தின் படத்தைப் போடுவது எளிதில் நேர்கிற தவறு. ராணா, ரஞ்சித் ஆகிய பெயர்களும் இப்படித்தான் இரண்டாம் முறை வந்தன. அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கட்டிய இடம், ஆண்டு, கப்பல் எண் மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்த தவறு, பழைய ராஜ்புத்தின் கதையை 1949இல் தொடங்குவது. அந்த ஜூலையில் இந்தியக் கொடி ஏறியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே ஒரு முழு உலகப்போரைப் பார்த்த கப்பல் அது. ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் ஜான் பிரவுன் தளத்தில் உருவாகி, 1942இல் ரோதர்ஹம் என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது. 1944 ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து கிளம்பி சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிய நேசநாட்டுப் படையில் அதுவும் இருந்தது. 1945 செப்டம்பரில் சிங்கப்பூர் கடற்படைத் தளத்தை ஜப்பானியரிடமிருந்து பொறுப்பேற்க வந்ததும் இதே கப்பல்தான். அந்தத் தளத்தின் வாயில் ஒன்றுக்கு ரோதர்ஹம் வாயில் என்றே பெயர் வைத்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் கப்பலின் பாதி ஆயுள் காணாமல் போய்விடும்.

சரி, காஸிக்கு வருவோம். இங்கேதான் நிதானம் வேண்டும். விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்துக்கு அருகில்தான் இருக்கிறது என்று பாகிஸ்தானை நம்பவைக்க ராஜ்புத்தைப் பயன்படுத்தினார் கிழக்குக் கடற்படைத் தளபதி கிருஷ்ணன். எடையில் விக்ராந்தின் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள கப்பல் எப்படி விக்ராந்தாக நடிக்கும் என்று கேட்கலாம். எதிரி ஒட்டுக்கேட்டதெல்லாம் வானொலிச் செய்திகளைத்தானே! ராஜ்புத் அவற்றை அள்ளி வீசியது. விக்ராந்தின் மாலுமி ஒருவர் தன் தாயாரின் உடல்நலம் விசாரிப்பதுபோல ஒரு தந்தியைக்கூட வேண்டுமென்றே வெளியே கசியவிட்டார்கள்.

டிசம்பர் 3 நள்ளிரவையொட்டித் துறைமுகத்தைவிட்டு வெளியேறும்போது, நீரில் சந்தேகமான சலனம் தெரிந்த இடத்தில் ராஜ்புத் இரண்டு நீரடிக் குண்டுகளைப் போட்டது. சற்று நேரத்தில் கரைவரை கேட்ட பெரிய வெடிச்சத்தம். காஸியை ராஜ்புத்தான் மூழ்கடித்தது என்பது இந்தியக் கடற்படையின் நிலைப்பாடு. காஸிக்குள்ளேயே ஏற்பட்ட வெடிப்பு அல்லது அது தானே வைத்த கண்ணிவெடி காரணம் என்கிறது பாகிஸ்தான் தரப்பு. இரண்டையும், யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதுவதே நேர்மை. ஏமாற்றும் வேலையில் ராஜ்புத் காட்டிய திறமைக்கு இந்தச் சர்ச்சையால் எந்தக் குறையும் வராது.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து வந்த கப்பல்களைக் ‘கொடுத்தார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதையும் தவிருங்கள். ரோதர்ஹம் விலைக்கு வாங்கப்பட்டது. 1953இல் பிரிட்டனிலிருந்து வந்த கங்கா, கோதாவரி, கோமதி ஆகிய மூன்று போர்க்கப்பல்களும் முதலில் இரவல். டயாப்ளோ என்ற அமெரிக்க நீர்மூழ்கியாக இருந்த காஸியோ பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குப் போனது. இரவலும் குத்தகையும் என்றால் உரிமை கொடுத்த நாட்டிடமே இருக்கும், விற்பனையில் அப்படி இல்லை. ஒப்பந்தம் எந்த வகை என்பதை ஒரே சொல்லில் குறித்துவிட்டால் போதும்.