தீசிஸ் ரெஃபரன்ஸைக் கையால் அடிக்காதீர்கள்: ஸோட்டேரோ செய்முறை

நூறு ரெஃபரன்ஸ் அடித்து முடித்த பிறகு, நாற்பதாவதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டுரையைச் சேர்க்கச் சொல்வார் கைடு. அதற்குப் பின்னால் உள்ள எண்கள் அத்தனையும் மாறவேண்டும். கையால் அடித்தவருக்கு அன்றைய தூக்கம் போச்சு. ரெஃபரன்ஸைச் சேர்த்துவைத்து வேர்டில் எண் போட்டுத்தரும் ஸோட்டேரோ என்ற மென்பொருளைப் போட்டவருக்கு இரண்டு நிமிட வேலை. காசும் கிடையாது.

நிறுவுதல்: வேர்டை மூடிவிட்டு ஸோட்டேரோவை நிறுவுங்கள். இணையத்திலிருந்து கட்டுரை விவரத்தை ஸோட்டேரோவுக்கு இழுக்கும் பிரவுசர் கனெக்டரையும் போட்டுவிடுங்கள். வேர்டைத் திறந்தால் மேலே 'ஸோட்டேரோ' என்று ஒரு டேப் தெரியும். தெரியாவிட்டால் ஸோட்டேரோ செட்டிங்ஸில் 'சைட்' (Cite) பகுதிக்குப் போய், வேர்டுக்கான இணைப்பை மறுபடி நிறுவுங்கள்.

தேடுதல்: பாம்புக்கடி பற்றி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் முதலில் மேற்கோள் குறி இல்லாமல் 'ஸ்நேக் பைட்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பப்மெட் தானாகவே அதற்குரிய மெஷ் சொல்லையும் (கட்டுரைகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் தலைப்புச் சொல்) சேர்த்துத் தேடும். மேற்கோள் குறியோ நட்சத்திரக் குறியோ போட்டால் அந்தத் தானியங்கி உதவி நின்றுவிடும்; நிறைய பேருக்குக் கட்டுரை சிக்காமல் போவது இதனால்தான். சொற்களை இணைக்கும் 'ஆண்ட்', 'ஆர்' இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

சேர்த்தல்: பப்மெட்டில் கட்டுரைத் தலைப்புக்குக் கீழே பிஎம்ஐடி என்றொரு அடையாள எண் இருக்கும். நம் பக்கம் கலியாணத்துக்கு இரவல் போகும் அண்டாவில் விலாசம் வெட்டியிருப்பதுபோல, எங்கே போனாலும் அடையாளம் தெரிய அது ஒன்று போதும். ஸோட்டேரோவில் மந்திரக்கோல் படத்தை அழுத்தி அந்த எண்ணை ஒட்டுங்கள். ஆசிரியர்கள், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் வந்து உட்காரும்.

கூகுள் ஸ்காலரிலிருந்து இழுத்தால் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டு மூன்று எழுத்து இனிஷியல் உள்ள நம்மூர்ப் பெயர்களில், இனிஷியல் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் புகுந்துவிடுவது உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது. ஒரே பெயரில் பலர் இருப்பதால், கட்டுரை வெளியிடுமுன் ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள்; அதுவும் இலவசம்.

வேர்டில் போடுதல்: வாக்கியத்தின் முடிவில் கர்சரை வைத்து 'ஆட் சைட்டேஷன்' அழுத்துங்கள். முதல்முறை ஸ்டைல் கேட்கும், எண் முறையான வான்கூவரைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் பெயரை அடித்து, வரும் பட்டியலில் கட்டுரையைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் எண் விழும். கடைசிப் பக்கத்தில் 'ஆட் பிப்ளியோகிராஃபி' அழுத்தினால் பட்டியல் தயார். பட்டியலில் பிழை தெரிந்தால் அங்கேயே திருத்தாதீர்கள், அடுத்த ரெஃப்ரெஷில் பழைய பிழை திரும்பி வந்துவிடும். திருத்தம் ஸோட்டேரோவுக்குள். வாபஸ் வாங்கப்பட்ட கட்டுரை என்றால் அதுவே எச்சரிக்கும், பார்த்ததும் நீக்கிவிடுங்கள்.

கெடும் இடம்: இரட்டைப் பதிவு வந்தால் ஒன்றை அழிக்காமல் 'மெர்ஜ்' செய்யுங்கள்; அழித்தால் வேர்டில் உள்ள இணைப்பு அறுந்துபோகும். இன்னொன்று, டிடிபி கடை. காரைக்குடியில் அலைன்மென்ட் பார்க்கக் கொடுக்கிற ஃபைலை வேறு மென்பொருளில் திறந்து சேமித்துவிட்டால் உயிருள்ள எண்கள் வெறும் எழுத்தாகிவிடும், அப்புறம் ரெஃப்ரெஷ் வேலை செய்யாது. ஆகவே மூல ஃபைலை உங்களிடமே வைத்துக்கொண்டு, ஒரு நகலில் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' அழுத்தி, அந்த நகலை மட்டும் கடைக்கு அனுப்புங்கள். கைடு திருத்தம் சொன்னால் மூலத்தில் திருத்திவிட்டுப் புது நகல் எடுங்கள்.