மார்கழி முழுக்க வீட்டோடு: ஒரு பூசணிப் பூவிலிருந்து சிறுவீட்டுப் பொங்கல் வரை

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை வருவது நின்றுபோகும். பால்காய்ப்பு, நிச்சயதார்த்தம் எல்லாம் தைக்குத் தள்ளிப் போய்விடும். பிசான சாகுபடிக்கு நட்ட நெல் வயல் பச்சை பிடித்து நிற்கும். வெளியே கிளம்ப ஒரு முகாந்திரமும் இருக்காது. பன்னிரண்டு வருஷம் சென்னையில் வேலை பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டுக்குத் திரும்பி வந்த முதல் மார்கழியில் எனக்கு அந்த அமைதி பாரமாக இருந்தது. இருட்டியதும் போனைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பேன். ஆச்சிதான் ஒருநாள், "ஏட்டி, நாளைக்கு விடியக்காலம் ஒரு பூசணிப் பூ பறிச்சுட்டு வா. வேற ஒண்ணும் செய்யாண்டாம்" என்றாள்.

அந்த ஒரு பூ என்னைத் தை மாசம் ஆற்றங்கரை வரை கூட்டிக்கொண்டு போனது. அதை அப்படியே படிப்படியாக எழுதுகிறேன். இதுவரை கோலப்பொடியைக் கையில் எடுத்ததே இல்லை என்பவர்களும் செய்யலாம். முதல் மூன்று படிகள் தினமும் செய்ய வேண்டியவை. மற்றவை நேரம் வாய்க்கிறபோது.

முதல் படி: பூ

பூசணிக் கொடி வீட்டில் இல்லையென்றால் இருக்கிற வீட்டில் கேளுங்கள். மார்கழியில் பூ கேட்டு யாரும் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அடுத்த வருஷத்துக்குப் புரட்டாசியில் நாலு விதை ஊன்றி வைத்தால் மார்கழிக்குப் பூ நிற்கும்.

பறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சின்ன உருண்டையாகப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவுக்கு நீளமான, மெல்லிய காம்பு மட்டும். ஆண் பூவைத்தான் பறிக்க வேண்டும். அதிலும் இரண்டு மூன்றைக் கொடியிலேயே விட்டுவிடுங்கள். மகரந்தம் இல்லாமல் காய் பிடிக்காது.

பூ விடியும்போது விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அதனால் சீக்கிரம் எழ வேண்டும் என்று தனியாக ஒரு வைராக்கியம் தேவையில்லை, பூவே எழுப்பிவிடும். டிசம்பர் 22-க்குப் பிறகு பகல் நீளத் தொடங்கினாலும் நம் பக்கம் சூரியன் உதிப்பது ஜனவரி கடைசி வரை நாளுக்கு நாள் பிந்திக்கொண்டேதான் போகும். விடியலில் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கிற அந்தச் சில நிமிஷங்களை நான் மிகவும் விரும்புகிறேன்.

இரண்டாம் படி: பதின்மூன்று புள்ளி

வாசலைப் பெருக்கி, சாணம் கரைத்துத் தெளியுங்கள். சாணத்துக்குப் பால்காரரிடம் முந்தின நாளே சொல்லி வைக்கலாம். தரை ஈரம் உறிஞ்சி, மினுமினுப்பு அடங்கியபின் கோலம் போடுங்கள். தண்ணீர் நிற்கும் தரையில் பொடி கரைந்துவிடும்.

கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்து, தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே கையை வைத்து, விரல்களை மெல்ல உரசியபடி நகர்த்துங்கள். கை தரையில் படக்கூடாது. பொடியோடு கொஞ்சம் பச்சரிசி மாவு கலந்தால் எறும்புக்கும் அணிலுக்கும் ஆகும்.

ஆச்சி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது நட்சத்திரக் கோலம். இடைப்புள்ளியாக, அதாவது மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கீழ் வரிசைப் புள்ளி விழும்படி வையுங்கள். மேலே 1, அடுத்து 4, அடுத்து 3, மறுபடி 4, கடைசியில் 1. மொத்தம் 13. உச்சிப் புள்ளியிலிருந்து கீழ் நாலு புள்ளி வரிசையின் இரண்டு ஓரங்களுக்கும் கோடு இழுத்து, அந்த ஓரங்களைச் சேருங்கள், ஒரு முக்கோணம். அடிப் புள்ளியிலிருந்து மேல் நாலு புள்ளி வரிசையின் ஓரங்களுக்கு அதே மாதிரி. தலைகீழாக இன்னொரு முக்கோணம். நடுவில் ஒரு புள்ளி எந்தக் கோட்டிலும் சேராமல் தனியாக நிற்கும். சாணத்தை எலுமிச்சை அளவு உருட்டி, பூவின் காம்பை அதில் குத்தி, அந்தப் புள்ளியில் வையுங்கள்.

முதல் வாரம் கோடு நடுங்கும். எட்டாவது ஒன்பதாவது நாளில் கை தானாகப் பழகிவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கதவுக்கு வெளியே ஒரு மனைப்பலகையில் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: எரு

பெரும்பாலான ஊர்களில் மார்கழிப் பூ இதோடு முடிந்துவிடும். நம் பக்கத்தில் முடிவதில்லை. மத்தியானம் பூ வாடியபின், பூவும் சாணமுமாக எடுத்து, உள்ளங்கை அளவு சின்ன எருவாகத் தட்டி, சுவரோரம் காயப் போடுங்கள். காய்ந்ததை ஒரு பழைய கூடையில் அடுக்கி வையுங்கள். தினம் ஒன்று. மாசம் முடியும்போது 29 அல்லது 30 எரு இருக்கும். மழை பிடித்த நாளில் தட்டியதை அடுப்பங்கரைக்குள் கொண்டுவந்து வைக்க மறக்காதீர்கள். ஒரு வருஷம் நாலு எரு பூஞ்சை பிடித்துப் போனது இன்னும் எனக்கு மனக்குறைதான்.

சுக்குக் கருப்பட்டிக் காபி

கோலம் போட்ட கையைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். இரண்டு பேருக்கு மூன்று தம்ளர் தண்ணீர், கட்டைவிரல் நுனி அளவு சுக்கு, ஒரு மேசைக்கரண்டி மல்லி, ஆறு மிளகு, ஓர் ஏலக்காய். சுக்கைத் தட்டி, மற்றதை ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் போட்டு, மூன்று தம்ளர் இரண்டாகச் சுண்டும் வரை கொதிக்கட்டும். கருப்பட்டியைத் தனியாக அரைத் தம்ளர் வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கடைசியில் சேருங்கள். கருப்பட்டியில் கொஞ்சம் மண்ணும் தூசும் இருக்கத்தான் செய்யும், வடிகட்டாமல் ஊற்றினால் கடைசி வாய் நறநறக்கும். காபித்தூள் வேண்டுமென்றால் ஒரு கரண்டி. பால் வேண்டாம், இதோடு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

கருப்பட்டி கோடைச் சரக்கு. பதநீர் இறங்குகிற மாசங்களில் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்ததுதான் மார்கழியில் நம் கைக்கு வருகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனி மாதிரி பளபளத்தால் எங்கள் வீட்டில் எடுக்க மாட்டோம்.

குடிப்பதை வாசல்படியில் உட்கார்ந்து குடியுங்கள். போன் உள்ளே இருக்கட்டும். இதை நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன்.

பனங்கிழங்கு அவிக்கிற நாள்

இதற்கு ஒரு முழு மத்தியானத்தை ஒதுக்குங்கள். மழை தூறுகிற நாளானால் இன்னும் நல்லது.

பனம்பழம் விழுந்து முடிந்ததும் கொட்டைகளைப் பொறுக்கி, மணலை மேடாகக் குவித்து, அதில் நெருக்கமாகப் புதைத்து வைப்பார்கள். முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். மூன்று நான்கு மாசத்தில், மார்கழியிலும் தையிலும், மேட்டை வெட்டிப் பிடுங்குவார்கள். திருச்செந்தூர் சாலை ஓரத்தில் கட்டுக் கட்டாக அடுக்கி விற்பார்கள். ஒரு கட்டு என்பது பெரும்பாலும் 25 கிழங்கு. விரல் பருமனில் இருப்பதைவிடக் கொஞ்சம் தடித்தது மாவாக இருக்கும். வளைத்துப் பார்த்தால் துவளக்கூடாது. துவண்டால் பிடுங்கி நாளாகிவிட்டது.

மண் போகக் கழுவி, மேல்தோலை உரித்து, நுனி வேரையும் தலைப்பக்கத்தையும் நறுக்கிவிடுங்கள். நீளமான கிழங்கை இரண்டாக ஒடித்துக்கொள்ளலாம். பெரிய பானையில் நெருக்கமாக நிறுத்தி, மூழ்கும் அளவு தண்ணீர், கல் உப்பு ஒரு கை, மஞ்சள்தூள் ஒரு கரண்டி. மூடி போட்டு ஒரு மணி நேரம் அவியட்டும். குக்கரில் ஏழெட்டு விசில் போதும், ஆனால் பானையில் அவியும்போது வீடு முழுக்கப் பரவுகிற அந்த மண்வாசனை குக்கரில் கிடைக்காது. எங்கள் வீட்டில் அந்த வாசனை வந்தால்தான் ஆச்சி, "மார்கழி வந்துட்டு" என்பாள். தேதியைப் பார்த்துச் சொன்னதே இல்லை.

வெந்ததை வடித்து, கை பொறுக்கும் சூட்டில் நீளவாக்கில் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிடுங்கள். ஒரு முனையை ஒடித்து மெல்ல இழுத்தால் நார் உரிந்து வரும். பொறுமையாக உரியுங்கள். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து உரித்தால் பேச்சுத் துணையாகவும் இருக்கும். போன வருஷம் நானும் மதினியும் ஒரு கட்டை உரித்து முடிப்பதற்குள், ஐந்து வருஷமாகப் பேசாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிட்டோம்.

அப்படியே தின்னலாம். இல்லையென்றால் சின்னத் துண்டாக்கி, பச்சைமிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, தேங்காய், உப்பு சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடியுங்கள். மிக்ஸியானால் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் பசையாகிவிடும்.

கிழங்கு எடுத்த கொட்டைகளை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அரிவாளால் பிளந்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி தவுண் இருக்கும். லேசான தித்திப்பு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது கிழங்குக்கு முன்னால் காலியாகிவிடும். பிளப்பது மட்டும் பெரியவர்கள் வேலை.

பல்லாங்குழி

அரைப்பரீட்சை லீவில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். பலகையில் 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதற்கு அடுத்த குழியில் உள்ளதெல்லாம் உங்களுக்கு. இரண்டு குழியும் வெறுமையானால் ஒன்றும் இல்லை. எப்படியானாலும் ஆட்டம் மற்றவர் கைக்குப் போகும். நடுவில் எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது பசு; அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்வார். பலகை இல்லையென்றால் மண்ணில் குழி தோண்டினால் போதும்.

ராத்திரி பத்து மணிக்கு மாடியில்

மழை மேகம் விலகிய ஒரு நாள், பத்தமடைப் பாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். கிழக்குப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டால் மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் நெருக்கமாக நிற்பது தெரியும். அதற்கு இடது பக்கம் சிவப்பாக மினுங்குவது திருவாதிரை. மார்கழிப் பௌர்ணமியில் நிலா இதன் பக்கத்தில் வரும். நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் ஆருத்ரா தரிசனம் அந்த நாளை ஒட்டித்தான்.

அந்த மூன்று நட்சத்திர வரிசையைக் கீழ்நோக்கி நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரத்தில் போய் நிற்கும். அங்கிருந்து வலப்பக்கமாக, தெற்கே, தாழ்வாகத் தேடுங்கள். தனியாக, அசையாத விளக்கு மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் அகத்தியர் நட்சத்திரம். பிரகாசத்தில் வானத்தில் இரண்டாவது. அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர சுமார் 300 வருஷம் ஆகிறது. டெல்லியில் இது அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும், லண்டனில் தெரியவே தெரியாது. பொதிகை மலையில் அகத்தியர் இருக்கிறார் என்று சொல்லி வளர்ந்த ஊரில், அவர் பெயரைக் கொண்ட நட்சத்திரம் நம் மாடியிலிருந்தே தெரிகிறது என்று எனக்கு முப்பத்தைந்து வயது வரை தெரியாது. அது தெரிந்த ராத்திரி நான் வெகுநேரம் தூங்கவில்லை.

மறுநாள் கோலம் போடும் நேரத்தில் நிமிர்ந்து பாருங்கள். மார்கழி முதல் பாதியானால், அதே நட்சத்திரம் தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும்.

கடைசிப் படி: சிறுவீட்டுப் பொங்கல்

தை பிறந்து பெரிய பொங்கல் முடிந்தபின், வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பொங்கல் உண்டு. நாள் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். சிலர் தைப்பூசத்தன்று வைப்பார்கள்.

இரண்டு நாள் முன்னால் முற்றத்தில் களிமண்ணைக் குழைத்து, ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் எடுத்து, சின்ன வீடு கட்டுங்கள். ஒரு வாசல், ஒரு அடுப்பங்கரை, ஒரு பட்டாசாலை, அதாவது கூடம், போதும். சுண்ணாம்பும் காவியும் பூசுங்கள். கட்டுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள், சுவர் கோணினால் கோணட்டும். அன்றைக்கு அதன் முன்னால் சின்னப் பானையில் பொங்கலிட்டு, வாழையிலையில் படைத்து, பனங்கிழங்கும் கரும்பும் வைத்துக் கும்பிடுங்கள்.

பிறகு அந்தக் கூடையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போங்கள். போகுமுன் தண்ணீரின் போக்கை விசாரித்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த முறை தாமிரபரணி ஊருக்குள் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தண்ணீர் வேகமாக இருந்தால் பக்கத்துக் குளத்தங்கரை போதும், பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

ஒவ்வொரு எருவிலும் துளி பொங்கலும் ஒரு சூடத் துண்டும் வைத்து, ஏற்றி, தண்ணீரில் விடுங்கள். ஒன்றை விட்டு, அது கொஞ்ச தூரம் போனபின் அடுத்தது. போன தையில் கடைசி எருவை ஆச்சி கையில் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து அதைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்து கறுத்த பூவின் ஓர் இதழ் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. "இது எந்த நாள் பூ?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது. மழை பிடித்து, கோலம் பாதியில் கரைந்துபோன அந்த வியாழக்கிழமைப் பூ.