செயலியோடு லைப்ரரிகளையும் பொதிந்து அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெஸ்க்டாப் செயலிக்குள் பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பான லைப்ரரியைப் பொதிந்து அனுப்புவது நல்ல வழிதான். பயனர் எதையும் தனியாக நிறுவ வேண்டாம். நாம் சோதித்த பதிப்பே அவர் கணினியிலும் ஓடும். ஆனால் பொதிந்த நாளிலிருந்து அதைப் புதுப்பிக்கும் பொறுப்பும் நம்முடையது. இதை மறப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

2023 செப்டம்பரில், படங்களைத் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் நினைவக எல்லையைத் தாண்டி எழுதும் ஓட்டை வெளிப்பட்டது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் உடனே திருத்தம் வெளியிட்டன. குரோமின் அடிப்படை நிரலைச் செயலிக்குள்ளேயே பொதிந்து தரும் எலக்ட்ரானில் எழுதிய செயலிகளுக்கு அதனால் பயனில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் தனிப் பிரதி இருந்ததால், ஒவ்வொன்றும் தானே புதிய பதிப்பு வெளியிட வேண்டியிருந்தது. ஆகவே எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது என்ற பட்டியல் மூலநிரலோடேயே இருக்கட்டும். லைப்ரரியைச் செயலியின் கோப்புக்குள்ளேயே கலந்து ஸ்டாட்டிக்காக இணைத்தால் இது இன்னும் அவசியம். உள்ளே என்ன இருக்கிறதென்று கோப்புப் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. லைப்ரரியின் நிரலில் கைவைத்திருந்தால் அந்த மாற்றத்தை மட்டும் தனி பேட்ச் கோப்பாக (மாற்றிய வரிகளின் பதிவாக) வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பதிப்புக்கு மாறவே யாருக்கும் துணிவு வராது.

உரிமத்தைப் படிக்காமல் விடுவது அடுத்தது. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள்கூட பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்த்துத் தரச் சொல்கின்றன. எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமம் என்றால், பயனர் தான் திருத்திய லைப்ரரியை மாற்றிப் போட்டு ஓட்ட வழி இருக்க வேண்டும். அதற்கு, லைப்ரரியைத் தனிக் கோப்பாக வைத்து ஓடும்போது சேர்க்கும் டைனமிக் இணைப்பே எளிது.

விண்டோஸில் டிஎல்எல் கோப்புகளை (டைனமிக் லைப்ரரிகளை), எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போடாதீர்கள். மற்றவர் செயலி உடையும். நம் செயலியின் ஃபோல்டரே போதும். ஆனால் அந்த ஃபோல்டரில் சாதாரணப் பயனர் எழுத முடியக்கூடாது, ஏனெனில் போலி டிஎல்எல் நுழைய அதுவே வாசல். லினக்ஸில் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியைப் பொதியாமல், பழைய டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் வெளியீட்டில்) பில்டு செய்வது பாதுகாப்பானது; பழைய ஜிலிப்சியில் பில்டு செய்தது புதியதிலும் ஓடும். மேக்கில் லைப்ரரிகளின் பாதைகளை மாற்றி முடித்த பிறகே செயலிக்கு டிஜிட்டல் கையொப்பமிடுங்கள். பிறகு ஒரு பைட் மாறினாலும் கையொப்பம் செல்லாது.

வெளியிடும் முன், எந்த டெவலப்பர் கருவியும் இல்லாத புதுக் கணினியில் நிறுவிப் பாருங்கள். நம் கணினியில் விஷுவல் ஸ்டுடியோ இருப்பதால், பிழை தேடுவதற்கான டிபக் பில்டு தவறிப்போய்ப் பொதியில் சேர்ந்திருந்தாலும் சிக்கலின்றி ஓடும். அதற்குத் தேவையான டிபக் டிஎல்எல்கள் பயனரிடம் இருக்காது; அவற்றைச் சேர்த்து அனுப்பவும் மைக்ரோசாஃப்ட் உரிமம் இடம் தருவதில்லை.