வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்: அழைப்பு வந்த பிறகு கோட்டைவிடுகிற இடங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் அவனைக் கோடைக்கு அழைத்திருக்கிறது. “பாருங்கக்கா” என்று போனை நீட்டினான். வாழ்த்துச் சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னேன். கடிதத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர். ஐந்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. இந்த வருஷம் மட்டும் இவன் மூன்றாவது ஆள்.

ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே மெயிலை அனுப்பாதே, எழுத்துப் பிழை பார் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொங்கலுக்கு அப்புறம் தேட ஆரம்பிப்பது

அதற்குள் பெரிய கதவுகள் மூடியிருக்கும். கனடாவின் ஆய்வுப் பயிற்சித் திட்டமான மிட்டாக்ஸ் குளோபலிங்க் விண்ணப்பம் சமீப ஆண்டுகளில் முந்தைய செப்டம்பரிலேயே முடிந்துவிடுகிறது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தரும் வைஸ் உதவித்தொகைக்கு நவம்பர் தொடக்கம்தான் கெடு. விண்ணப்பிக்கும்போதே அங்குள்ள பேராசிரியரின் அழைப்பு கையில் இருக்க வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போய்வருகிற சமயத்தில் முதல் மெயில் போயிருந்தால்தான் இதெல்லாம் சரிவரும்.

பெயர்

நம் மார்க் ஷீட்டில் பெயரோடு இனிஷியல் இருக்கும். முருகன் மகன் குமார் என்றால் ‘குமார் எம்’. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம், சர்நேமுக்கு இன்னொரு கட்டம். என் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்த பிரவுசிங் சென்டர்காரர், “சர்நேம் இல்லன்னா காலியா விட்டுடலாம்மா” என்றார். விட்டுவிட்டேன். பாஸ்போர்ட் ஒற்றைப் பெயரோடு வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் மறந்துபோனேன்.

ஜெர்மனியில் இருந்த பேராசிரியருக்கு எழுதும்போது, ஒற்றைப் பெயர் அவர்களுக்கு விநோதமாக இருக்குமே என்று அப்பா பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டேன். அவர் அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு கடிதம் அனுப்பினார். ஆக, மார்க் ஷீட்டில் ஒரு நான், பாஸ்போர்ட்டில் ஒரு நான், அழைப்பில் இன்னொரு நான்.

விசாவுக்காகக் காட்பாடியில் விடியற்காலை ரயில் ஏறிச் சென்னை போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருத்திய கடிதம் வேண்டும் என்றார். அங்கே ஈஸ்டர் விடுமுறை. கடிதம் வர 11 நாள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது ஐந்து வாரம் கழித்து. 12 வாரப் பயிற்சி ஏழு வாரமாகச் சுருங்கியது. விமான டிக்கெட் பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சோதனையை நான் போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் முடித்திருந்தார். அது இன்றும் உறுத்துகிறது, ஏனென்றால் என் திறமைக்கும் உழைப்புக்கும் அதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

சாதிப் பெயரைப் பின்னால் ஒட்டாமல் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நிற்பது நம் பெருமை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லையா, சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். காலியாக விட்டால் தொல்லை ஜெர்மனியோடு நிற்காது. அமெரிக்க விசாவில் உங்கள் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று ஏறும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அர்த்தம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

பாஸ்போர்ட் ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் இருந்தால், இரண்டாம் ஆண்டிலேயே ரீஇஷ்யூவுக்குப் போடுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். அழைப்பு வந்த பிறகு மட்டும் அதைத் தொடாதீர்கள். ரீஇஷ்யூ ஆனால் பாஸ்போர்ட் எண்ணே மாறிவிடும், அதுவரை சேர்த்த காகிதமெல்லாம் பழையதாகிவிடும். அப்போது கடிதத்தைத்தான் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப மாற்றிக் கேட்க வேண்டும். முதல் மெயிலிலிருந்தே கையெழுத்து, சி.வி., மெயில் கணக்கின் பெயர் மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். மார்க் ஷீட் இனிஷியலுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆய்வகத்தில் ஏழு வாரமும் என்னை அப்பா பெயரால்தான் அழைத்தார்கள். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்ற மனிதரின் பெயர் என் அறைக் கதவில் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அம்மா அதை இன்னும் வைத்திருக்கிறார்.

மாவட்டம்

ஆம்பூர், ஆற்காடு பிள்ளைகளே, 2019-இல் வேலூர் பிரிந்தபோது உங்கள் மாவட்டம் மாறியது. ஆதார் முகவரியைத் திருத்திக்கொண்டு பாஸ்போர்ட்டுக்குப் போங்கள்.

காசு கொடுத்து இடம் வாங்குவது

வேண்டாம்.

அப்பா கணக்கில் திடீர்ப் பணம்

மாமாவிடம் மூன்று லட்சம் வாங்கி, விசாவுக்கு இரண்டு வாரம் முன்னால் போட்டு வைப்பார்கள். கேட்பது பல மாத ஸ்டேட்மென்ட். அந்த ஒரு வரி தனியாகத் தெரியும். உதவுவது மாமா என்றால் மாமாவின் பெயரிலேயே, அவர் கணக்கோடு காட்டுங்கள்.

மூன்று மாதம் 90 நாள் இல்லை

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா 180 நாளில் 90 நாளுக்குத்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். மே 10 முதல் ஆகஸ்ட் 10 வரை என்று கடிதம் வந்தால், எண்ணிப் பாருங்கள், 93 நாள். அது அந்த நாட்டின் தேசிய விசாவுக்குப் போய்விடும். காத்திருப்பும் காகிதங்களும் வேறு. நிஜமாகவே நீண்ட பயிற்சி என்றால் அதற்கே விண்ணப்பியுங்கள். மூன்று நாளுக்காக என்றால், தேதியைக் குறைக்கச் சொல்லிப் பேராசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கல்லூரியின் தடையில்லாச் சான்றிலும் அதே தேதிகள் இருக்கட்டும். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகு தேதியை மாற்றி அலையாதீர்கள்.

குடியாத்தத்துத் தம்பியின் கடிதத்திலும் 92 நாள் இருந்தது. பெயர், தேதி இரண்டையும் ஒரே மெயிலில் எழுதவைத்து, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை இணைக்கச் சொன்னேன். என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே அனுப்பினான். இன்னும் பதில் வரவில்லை. அப்பாயின்ட்மென்ட்டுக்கு 19 நாள் இருக்கிறது.