லினக்ஸை அப்கிரேடு செய்யலாமா, இப்படியே விடலாமா?

புது வெர்ஷன் தயார் என்று திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்ததுமே கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, இப்போது ஓடும் வெர்ஷனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் எத்தனை நாள் வரும் என்பதைத்தான். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் எல்டிஎஸ் (நீண்ட காலம் ஆதரவு கிடைக்கும் வெர்ஷன்) என்றால் வெளியானதிலிருந்து 5 ஆண்டு, இடையில் வரும் வெர்ஷன்களுக்கு 9 மாதம்தான், ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்குச் சுமார் 13 மாதம். எல்டிஎஸ்ஸில் இருந்து எல்லாம் ஒழுங்காக ஓடினால், அடுத்த எல்டிஎஸ்ஸின் முதல் பாயின்ட் ரிலீஸ் (திருத்தங்கள் சேர்த்து வரும் வெளியீடு, 24.04.1 மாதிரி) வரும்வரை தொடவே வேண்டாம்.

சரி, முடிவெடுத்தாயிற்றா? புது வெர்ஷனை யுஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமல் லைவாக ஓட்டி, வைஃபை, சத்தம், மூடித் திறந்தால் லேப்டாப் விழிக்கிறதா என்று பாருங்கள். ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, நகலில் நாலைந்து ஃபைலைத் திறந்தும் பாருங்கள். அப்புறம் டிஸ்க்கில் இடம். பூட் பார்டிஷன் (கணினி தொடங்கத் தேவையான ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் பகுதி) தனியாக இருந்தால் அதையும் கவனிக்கணும். ஒருமுறை அது பழைய கெர்னல்களால் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) நிரம்பிக் கிடந்ததைப் பார்க்காமல் ஆரம்பித்து, புது கெர்னல் பாதியில் நின்றுபோக, ஒரு ராத்திரி முழுக்கக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டோரிமூவ் கட்டளை ஒன்று கொடுத்திருந்தால் போதும், பெரும்பாலும் அதுவே பழையதை நீக்கிவிடும்.

வெளியிலிருந்து சேர்த்த பிபிஏக்களை (உபுண்டுவின் சொந்தத் தொகுப்பில் இல்லாத மென்பொருளைத் தரும் களஞ்சியங்கள்) உபுண்டு அப்கிரேடு தானே அணைத்துவிடும், முடிந்தபின் தேவையானதை மட்டும் திரும்பச் சேருங்கள். இரண்டு மூன்று வெர்ஷன் பின்தங்கியிருந்தால் ஒவ்வொன்றாகத் தாவிக்கொண்டிருக்காமல் புதிதாகவே நிறுவிவிடுங்கள், நேரம் மிச்சம். சார்ஜரைச் செருக மறக்காதீர்கள்.