வெல்டிங்குக்கு கிரிப் பிளையர் வாங்குகிறீர்களா?

வெல்டிங் அடிக்கும்போது இரும்புத் துண்டுகளைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடுதான் கிரிப் பிளையர். அதில் விலை குறைந்த சி டைப்பை (வாய் சி வடிவில் இருப்பது) ஒதுக்க வேண்டாம். கடையிலேயே சோதித்து வாங்குங்கள். வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரண்டு முனையும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். அப்புறம் 6 மி.மீ. இரும்புப் பட்டையில் பூட்டி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூட்டில் இருக்கும் ரிவெட் (ஆணி) லொடலொடத்தால் வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு மலிவானாலும் சரி.

பெரும்பாலும் முதலில் கெடுவது, பிடியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மரைதான். தெறிக்கும் தீப்பொறி அதில் ஒட்டி இறுகிவிடும். வேலைக்கு முன் ஆன்டி ஸ்பேட்டர் ஸ்பிரே (தீப்பொறி ஒட்டாமல் தடுப்பது) லேசாக அடித்துவிடுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கேபிளை கிரிப்பில் மாட்டாதீர்கள். கரண்ட் ரிவெட் வழியே பாய்ந்து மூட்டைப் பொசுக்கிவிடும். எர்த் நேராக, வெல்டிங் அடிக்கும் இரும்பில்தான். ஒரே பெரியதற்குப் பதில் நடுத்தர அளவில் நாலு வாங்குவேன் நான். இரும்புச் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) நாலு மூலை இருக்கிறதே!