வாடகைக்குப் போன டிரில் மிஷினில் தீப்பொறி: நான் சரிசெய்த விதம்

எங்கள் தெருவில் டிரில் மிஷின், அலுமினிய ஏணி எல்லாம் நாள் வாடகைக்கு விடுகிறேன். டிரில்தான் அதிகம் போகும். ஒருமுறை திரும்பி வந்ததை ஓட்டிப் பார்த்தால், பின்பக்கத் துவாரத்தில் தீப்பொறி, கருகிய வாடை. மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சர் போயிருந்தால் செலவு பெரிது. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். நல்லவேளை, ஆர்மேச்சருக்கு மின்சாரம் கடத்தும் சின்னக் கரித்துண்டான கார்பன் பிரஷ்தான் கட்டையாகத் தேய்ந்திருந்தது. ஜோடியாகவே மாற்றினேன், ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்மானம் சமமாக இருக்காது. கரித்தூளைத் துடைத்து, சுமையில்லாமல் சிறிது நேரம் ஓடவிட்டதும் பொறி அடங்கியது.

அப்புறம் வாங்கிப்போன பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். கான்கிரீட்டில் ஹாமர் (சுழலும்போதே தட்டித் துளைக்கும் முறை) போடாமலே அழுத்தியிருக்கிறார். இப்போது ஹாமர் பட்டனைக் காட்டி, வாங்க வருகிறவர்கள் முன்னால் ஓட்டிப் பார்த்துத்தான் தருகிறேன். துளைக்கும் முனையான பிட் உடைந்தால் வாங்கியவர் பொறுப்பு, பிரஷ் என் பொறுப்பு. வாடகைக் காசில் ஒரு ஜோடி எப்போதும் வாங்கி வைத்திருக்கிறேன்.